ஈரத்துணி பாட்டுக்கு முன் ஒரு நிமிடம்

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடுவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் படித்துக்காட்டி, நீ சொல்லச் சொல்ல எழுதித் தரும் டிரைவர் அண்ணாவுக்கும் இதனால் இரட்டை வேலை. நான் மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல். சொல்லவும் வேண்டாம், இதை அவர்தானே படித்துக்கொண்டிருக்கிறார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ வேலை பார்க்கும் அந்த வீட்டு மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டாயா? நாங்கள் நலம். அட்டைப்பெட்டி கம்பெனியில் அப்பாவை வெட்டும் மெஷினிலிருந்து ஒட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை. முதுகுவலி போய்விட்டது. இப்போது, "சும்மா உக்காந்திருக்கிறதே வலிக்குது" என்கிறார்.

அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் கல்லூரி வானொலியில் எனக்கு முதன்முறையாகப் பெரிய பொறுப்பு வந்திருக்கிறது. இந்த ஊரில் சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, யாரும் கண்டுகொள்ளாமல் வாசித்துக்கொண்டிருக்கும் ராக் குழுக்கள் பல உண்டு. அவற்றில் ஒன்பதைத் தேர்ந்தெடுத்து, குழுவுக்கு ஒரு பாட்டு என்று ஒரே கேசட்டாகத் தொகுக்கிறோம். முதலில் வானொலியில் ஒலிபரப்பு, பிறகு இருநூறு பிரதிகள்.

எங்கள் அறையில் டிரம்ஸை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. அதனால் அவர்கள் எங்கே பயிற்சி செய்கிறார்களோ அங்கேயே போய்ப் பதிவு செய்கிறோம். டயர் கடையின் பின்புறம், மூடிக்கிடக்கும் டியூஷன் சென்டர், ஒருவர் வீட்டு மொட்டைமாடி. ஒவ்வோர் இடத்திலும், பாட்டுக்கு முன்னால் எல்லாரையும் மூச்சுக்காட்டாமல் நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் அந்த இடத்தை மட்டும் பதிவு செய்வோம். நிலையத்தின் பொறுப்பாளர் வைத்திருக்கும் வழக்கம் அது. அவர் கழுத்திலிருந்து ஹெட்ஃபோன் இறங்கி யாரும் பார்த்ததில்லை, அதனால் ஹெட்ஃபோன் அக்கா. "கேக்கறவங்க முதல்ல அந்த ரூமுக்குள்ள வந்து நிக்கணும். அப்புறம்தான் பாட்டு" என்பார்.

நான் மைக்கைப் பிடிக்கிறேன், ஒலியளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். பேச வேண்டியதில்லை. அதனால்தான் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் மகள்


பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு அம்மா சொல்லி எழுதுவது,

நான் நல்லா இருக்கேன். கால் பரவாயில்ல. உங்கப்பாவ உக்கார வெச்சுட்டாங்களா? அந்த மனுஷனுக்கு அதவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லு.

ராக் பாட்டுன்னா என்னன்னு தம்பியக் கேட்டேன். வண்டி ஓட்டும்போது கேட்டது என் தப்பு. ஸ்டியரிங்க விட்டுட்டு ரெண்டு கையாலயும் அடிச்சுக் காட்டினாரு. வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வேற எதுவும் கேக்கல.

(நடுவில் நான், டிரைவர். நான் விட்டது ஒரு கைதான். பள்ளிக்கூடத்தில் பெயின்ட் டப்பாவில் டிரம்ஸ் வாசித்தவன் நான். இன்னொன்று: உங்க அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவதால் முறைப்படி உனக்கு மாமா. ஆனால் எனக்கு இருபத்தொன்பது வயதுதான், அண்ணா என்றே இருக்கட்டும்.)

ஒரு நிமிஷம் சும்மா நிக்கறதையா பதிவு பண்றீங்க? வேலையத்த வேலையா இருக்கு. ஆனா மூணு பிள்ளைங்க இருக்கற இந்த வீட்டுல எனக்கு அப்படி ஒரு நிமிஷம் கெடைச்சா நானும் பிடிச்சு வெச்சுக்குவேன்.

மே மாசத்தோட இங்க நான் ஒத்துக்கிட்ட ரெண்டு வருஷம் முடியுது. இந்தத் தடவையும் சேத்தா நாலு. பாக்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்குக் குளிச்சா ஈரத்தோட வெளிய போகாத.

அம்மா


பிப்ரவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவை நடக்கச் சொன்னேன். நடக்கிறார், ஆனால் வெட்டும் மெஷின் வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடுகிறாராம். மேற்பார்வையாளர் கூட்டி வந்து உட்கார வைக்கிறாராம்.

மே மாதம் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்.

பதிவு எல்லாம் முடிந்தது. கடைசியாகப் போனது ஒரு சலவைக்கடைக்கு. அங்கே வேலை பார்க்கும் மூன்று பேர் சேர்ந்து வைத்திருக்கும் குழுவின் பெயர் ஈரத்துணி. பாடுவதும் கிடார் வாசிப்பதும் கடைக்காரரின் மகள். எல்லாரும் அவளைச் சோப்பு என்கிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் துணி மூட்டைகளை வேனில் எடுத்துப் போகிறவர், நெட்டை. மறுநாளே அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போவதால் அன்று விட்டால் அந்தப் பாட்டு இல்லை. பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றிய பாட்டு. இரண்டு தடவை கெட்டு, மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஒரு நிமிடம் அசையாமல் நின்றபோது, கொடியில் தொங்கிய போர்வைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி சொட்டுதே, கீழ துணி போடட்டுமா?" என்று சோப்பு கேட்டாள்.

"வேண்டாம். அதுதான் உங்க ரூம்" என்றேன்.

"அட, இவங்களுக்குப் பேச வருமா!"

"பேச்சையெல்லாம் மைக்குக்கே குடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் நெட்டை.

மறுபடியும் முதலிலிருந்து ஒரு நிமிடம் நின்றோம். அப்போது பக்கத்து அறையிலிருந்து இஸ்திரிச் சூட்டில் துணியிலிருந்து எழும்பும் அந்த வாசனை வந்தது. மைக்கோடு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். ஊசியும் ஆடியது. ஹெட்ஃபோன் அக்கா என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு கேசட் அனுப்புகிறேன். உனக்குத் தலை வலிக்கக் கூடாதென்று மெதுவான பாட்டுகள் மூன்றை மட்டும் தனியாகப் பிரதியெடுத்தேன். வேலை இல்லாத நேரத்தில் கேள்.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே ஒரு குறையும் இல்லை.

உன் மகள்


மார்ச் 14

அன்புள்ள மகளுக்கு அம்மா சொல்லி எழுதுவது,

கேசட் வந்துச்சு. பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பும்போது தம்பி வண்டியில போட்டாரு. முதல் பாட்டு ஆரம்பிச்சதும் இஞ்சின்ல ஏதோ போயிடுச்சுன்னு நெனச்சு நான் கதவப் பிடிச்சுக்கிட்டேன். இதுவா மெதுவான பாட்டு? அந்தப் பையன் அப்படிக் கத்தறானே, அவன யாரு என்ன பண்ணினாங்க? மூணு பாட்டுன்னு எழுதியிருந்தே. ஏழோ எட்டோ இருக்கும்போல, நான் எண்ணல.

ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டாந்தடவை கேட்டப்ப பரவாயில்லாம இருந்துச்சு. இங்க பிள்ளைங்களோட பழைய டேப் ரிக்கார்டர் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. கேட்டேன், இஸ்திரி ரூம்ல வெச்சுக்கன்னு சொல்லிட்டாங்க. மூணாந்தடவை கேக்கும்போது துணி மடிக்கற கை தன்னால அதுக்கேத்த மாதிரி போகுது. வேலை சீக்கிரம் முடியுது.

(நான், டிரைவர். தங்கச்சி, முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் டிரம்ஸ் வாசிப்பவர் யார்? அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன் என்று சொல்.)

வீட்டுக்காரம்மா ஒரு தாள் குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கறதுக்கு. மே முப்பதுக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். அப்பாகிட்ட சொல்லி வை.

நீ ரொம்ப மெலிஞ்சிருக்கியான்னு அப்பாவ எழுதச் சொல்லு. உன்ன நம்ப முடியாது.

அம்மா


மார்ச் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ நலமா? அவசரமாக எழுதுகிறேன்.

உன்னிடம் வந்திருப்பது வேறு கேசட். ஒன்பது பாட்டும் உள்ள மூலக் கேசட் அது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. நான் பெட்டியின் மேல் எழுதினேன், கேசட்டின் மேல் எழுதவில்லை. பெட்டியை மாற்றி மூடியதும் நான்தான். நிலையத்தில் இருப்பது உனக்கென்று எடுத்த மூன்று பாட்டுதான். எங்களிடம் கேசட்டுகள் குறைவு, தொகுத்து முடித்ததும் முதலில் பதிவு செய்தவற்றை அழித்து வேறு நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம். அதனால் உன் கையில் இருப்பதைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்தப் பாட்டுகள் இல்லை. நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். மூலக் கேசட் என்றால் அவற்றை முதல் வேலையாக உடைத்துவிட வேண்டும், உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது என்று ஹெட்ஃபோன் அக்கா சொல்லித் தந்திருக்கிறார். புதுப் பொருளை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

தயவுசெய்து அதை இனிமேல் போடாதே. டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானைத் தொடவே தொடாதே. துணியில் சுற்றி உடனே அனுப்பிவிடு. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

கவலைப்படாதே.

உன் மகள்


ஏப்ரல் 8

அன்புள்ள மகளுக்கு அம்மா சொல்லி எழுதுவது,

உன் கடுதாசி நேத்துதான் வந்துச்சு. கேசட்ட நான் போன மாசம் இருபதாம் தேதியே தபால்ல போட்டுட்டேன். உனக்குப் பதில் சொல்லலாம்னு அதுலயே கொஞ்சம் பேசினேன். அந்தப் பக்கத்துல ஒரு பாட்டு முடிஞ்சு ஒண்ணுமே வரல, சுத்திக்கிட்டே இருந்துச்சு. சரி, இதுக்கு மேல காலின்னு நெனச்சு சிவப்ப அமுக்கிட்டேன். பேசி முடிச்சு நிறுத்திட்டுத் திரும்ப ஓட்டிப் பாத்தா, நான் பேசினதுக்குப் பின்னாடி டமடமன்னு சத்தம் வருது. அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணல. இந்தப் பாட்டெல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்குதுன்னு விட்டுட்டேன்.

பாப்பா, நான் பாட்ட அழிச்சுட்டேனா? உன் வேலை போயிடுமா? அந்த நெட்டையா இருக்கறவர் வேற ஊருக்குப் போயிட்டாருன்னு எழுதியிருந்தியே. நான் வேணும்னா அவருக்கு ஒரு கடுதாசி எழுதட்டுமா?

நீ கேசட்டப் பத்தி மட்டுந்தான் எழுதியிருக்கே. பரவாயில்ல. அவசரம்.

(நான், டிரைவர். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அன்று என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். இரண்டு வருடமாகக் கடிதம் எழுதித் தருகிறேன், எனக்கே கதவு.)

அம்மா


ஏப்ரல் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

கேசட் வந்து சேர்ந்தது. கேட்டேன். வேலை போகவில்லை. அப்பா நலம், நானும் நலம். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

எழுத நிறைய இருக்கிறது. எப்படி எழுதுவதென்றுதான் தெரியவில்லை. எழுதுகிறேன்.

உன் மகள்


மே 4

தங்கச்சிக்கு டிரைவர் அண்ணன் எழுதுவது,

நலமா? இதை அக்கா சொல்லி நான் எழுதவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது.

உன் சின்னக் கடிதத்தை நான்கு தடவை படிக்க வைத்தார். "கவலைப்படாதேன்னு ஒரு வரி இருக்குமே, அத விட்டுட்டியா?" என்று கேட்டார். இல்லை அக்கா, இதில் அது இல்லை என்றேன். தாளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் வெறும் தாள். அதையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். "புள்ளைக்கு என் மேல கோவம்" என்றார்.

வீட்டுக்காரம்மா கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. அக்கா தினமும் ஃப்ரிட்ஜைத் துடைக்கிறார், தாளைச் சுற்றி மட்டும். அதை எடுப்பதுமில்லை, கையெழுத்துப் போடுவதுமில்லை. முப்பதாம் தேதி வரைதான் கெடு. உன் கடிதம் இங்கே வர இரண்டு வாரம் ஆகிறது. கணக்குப் போட்டுக்கொள்.

நான் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள். பெயின்ட் டப்பாக்காரன் அப்படித்தான்.

அண்ணன்


மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கும் முன்னால்.

டிரைவர் அண்ணா, நீங்கள் எழுதியது வந்தது. அம்மா திட்டினால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அன்று உங்களை வெளியே நிறுத்திவிட்டு அம்மா பேசியதை இப்போது நீங்களே படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அது தெரிய வேண்டியதுதான்.

பார்சலை நிலையத்தில்தான் பிரித்தேன். நடந்ததை எல்லாம் ஹெட்ஃபோன் அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் அவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை. திட்டவில்லை. கேசட்டை வாங்கிப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். கேசட் அட்டையின் மாதிரியைப் பார்க்க வந்திருந்த சோப்புவும் அங்கே இருந்தாள். அட்டை அப்பா வெட்டித் தந்தது. அதற்காக ஒருநாள் பழைய மெஷினில் நிற்க அனுமதி வாங்கினார்.

முதல் நாலு பாட்டும் நன்றாக இருந்தன. அடுத்தது ஈரத்துணி. அந்த ஒரு நிமிடம் தொடங்கி, போர்வையிலிருந்து மூன்று சொட்டு விழுந்தது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். பிறகு நீ.

"பாப்பா... சிவப்பு எரியுது, அப்ப ஓடுதுன்னு அர்த்தம். இஸ்திரி ரூம்ல இருந்து பேசறேன். தம்பிய வெளிய அனுப்பிட்டேன். நல்ல பையன், ஆனா இதெல்லாம் அவர் கையால எழுத வெக்க எனக்கு வரல. அந்தத் தாள்ல இன்னும் கையெழுத்துப் போடல. நாலு வருஷமா நீ எழுதற எல்லாத்துலயும் கவலைப்படாத, குறையில்ல, இதுதான் இருக்கு. நல்லதுதான். ஆனா ஒரு தடவைகூட வாம்மான்னு எழுதலையே பாப்பா. நான் இல்லாமலே உங்களுக்குப் பழகிடுச்சோ என்னவோ. பழகியிருந்தா சொல்லிடு, நான் இங்கயே இருந்துக்கறேன். கோவமெல்லாம் இல்ல. நீ நல்லா... ஐயோ, சட்ட!"

மறுபடி டக். உடனே நெட்டையின் டிரம்ஸ், பாட்டின் நடுவிலிருந்து.

ஹெட்ஃபோன் அக்கா பாட்டு முடியும்வரை கேசட்டை ஓடவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளிநாட்டில் இருக்கிறாள் என்று மட்டும்தான் அங்கே சொல்லியிருந்தேன். இன்னொருவர் வீட்டு இஸ்திரி அறையில் இருக்கிறாய் என்று சொன்னதில்லை. அதை நினைத்து இப்போதும் வெட்கப்படுகிறேன். உன்னை நினைத்து அல்ல.

சோப்புதான் முதலில் பேசினாள். "நாப்பது செகண்ட் போச்சு. நெட்டை இருந்தா கடையையே ரெண்டாக்கியிருப்பான்."

"எப்படியாவது சரி பண்ணிடறேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

"தொட்டீங்கன்னா பாருங்க! அந்த 'ஐயோ, சட்ட'க்கு அப்புறம் டிரம்ஸ் வந்து விழுது பாருங்க, அவன் நூறு தடவை வாசிச்சாலும் இப்படி அமையாது. ஹெட்ஃபோன் அக்கா, இது இப்படியே போகட்டும்."

"அவங்க அம்மா சம்மதிக்கணும்" என்றார் ஹெட்ஃபோன் அக்கா. பிறகு எழுந்து போய், கத்தரிக்கோல் முனையால் கேசட்டின் இரண்டு பற்களையும் உடைத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

வெளியே வரும்போது சோப்பு என் கூடவே வந்தாள். "நெஜமாவே நீங்க கூப்பிட்டதில்லையா?"

"இல்ல."

"ஏன்?"

இந்த மூன்று வாரமும் அதற்கான பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டால் உனக்குப் பாரமாகிவிடும் என்று நினைத்தேன். நீ அழுதுகொண்டே வேலை செய்வாயோ என்று பயந்தேன். டிரைவர் அண்ணா படிப்பாரே என்ற கூச்சமும் இருந்தது. கவலைப்படாதே என்று எழுதுவது சுலபம், யார் படித்தாலும் ஒன்றும் ஆகாது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதியது பொய்யில்லை. ஆனால் அதற்கு மேலும் இருந்தது, அதை எழுதியதே இல்லை. பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோவை உனக்கு அனுப்பவில்லை, நன்றாக விழவில்லை என்று சொன்னேன். நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. "சேந்து நில்லுங்க" என்று போட்டோக்காரர் மூன்று தடவை சொன்னார். அப்பா நகரவில்லை. நானும் நகரவில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அந்தப் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கேசட்டை அப்பாவும் வீட்டில் கேட்டார். நீ பேசியதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார். "நாம கூப்பிடலையா?" என்று கேட்டார். "நீங்க?" என்றேன். "நீ எழுதியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு எழுந்து, உன் இரும்புப் பெட்டியை வைக்கும் பரணைத் துடைக்க ஆரம்பித்தார். பெட்டி உன்னிடம் இருக்கிறது, பரணில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் துடைத்தார்.

ஒலிபரப்பு ஜூன் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. உன் குரல் அதில் போகலாமா என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம், சோப்பு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். ஆனால் நான் கேட்க வந்தது அது இல்லை.

டிரைவர் அண்ணா, அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தால் கையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படியுங்கள்.

கையெழுத்துப் போடாதே. வந்துடும்மா.